உப்பளக் கரையிலிருந்து ஒரு கல்லூரி சீட்

சாஃப்ட்பால் ஆடும் மகளை ‘செலக்‌ஷன் ட்ரையல்ஸ்’ அழைத்துப் போகும் பெற்றோர் என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

மே மாதத்தில் விழுப்புரம் மாவட்டத்தின் உப்பளக் கரையான மரக்காணத்தில் யாருக்கும் ஓய்வு கிடையாது. ஜனவரி வாக்கில் தொடங்கும் உப்பு சீசன், சித்திரை வெயிலில்தான் உச்சத்துக்கு வரும். பாத்தியில் பூத்த உப்பை வாரி ஒதுக்கி, வரப்பில் குவித்து, அம்பாரம் சேர்க்கும் வேலையை விடியும் முன்பே தொடங்கினால்தான் வெயில் ஏறுவதற்குள் முடிக்கலாம். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் மூழ்கிவிடும். அந்த மாதங்களுக்கு அரசு தருகிற 5,000 ரூபாய் நிவாரணத்தோடு, கோடையில் சேர்த்துவைத்ததைக் கொண்டுதான் அடுப்பு எரிய வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையைப் புரட்டிப் போட்டபோது, மழைக்காலம் என்பது உப்பளக் குடும்பத்துக்கு என்ன என்பதை மாவட்டமே பார்த்தது.

அதே மே மாதத்தில்தான் பிளஸ் டூ ரிசல்ட் வருகிறது. சென்னைக் கல்லூரிகள் ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா செலக்‌ஷன் ட்ரையல்ஸ்’ என்று அறிவிப்பு வெளியிடுவதும் அதை ஒட்டிய வாரங்களில்தான். காலை ஆறரைக்கு மைதானத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். ஈ.சி.ஆர். வழியாகச் சென்னைக்குப் பேருந்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதனால் முந்தின இரவே கிளம்பி, சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மகளோடு அப்பாவோ அம்மாவோ போய்வர வேண்டும். பேருந்துக் கட்டணத்தைவிட இரண்டு நாள் கூலி போவதுதான் பெரிய செலவு.

இத்தனையும் செலவழித்துப் போகிற குடும்பம், ‘நம்ம பிள்ளைக்கு சீட் போட்டுக் கொடுத்தா போதும் சார்’ என்று கைகட்டி நிற்கிறது. அந்த நிலை மாற வேண்டும். செலக்‌ஷன் ட்ரையல்ஸ் கல்லூரி போடும் பிச்சை அல்ல. கல்லூரிக்கும் ஒரு தேவை, பிள்ளைக்கும் ஒரு தேவை. இரண்டும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று இரு தரப்பும் பார்த்துக்கொள்ளும் நாள் அது.

கல்லூரிக்கு ஏன் உங்கள் மகள் வேண்டும்?

கல்லூரி அணிகள் முதலில் பல்கலைக்கழகத்துக்குள் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் மோதும். அதில் பளிச்சென்று ஆடுபவர்கள் பல்கலைக்கழக அணிக்குப் போவார்கள். அந்த அணி இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் அகில இந்தியப் போட்டியை நோக்கிப் போகும். இதில் ஆட 17 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களின் ஆண்டு விளையாட்டுச் சாதனைக்குத் தரப்படும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1950-களிலிருந்தே இருக்கிறது. கோப்பைகளின் படம் போடாத கல்லூரி விளம்பரம் இன்று உண்டா?

சாஃப்ட்பாலுக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. வாலிபால், கபடி ட்ரையல்ஸுக்கு மைதானம் கொள்ளாத கூட்டம் வரும். சாஃப்ட்பாலுக்கு அவ்வளவு வராது. ஒன்பது பேர் களத்தில் நிற்கும் ஆட்டம், மாற்று ஆட்களையும் சேர்த்தால் ஓர் அணிக்குப் பதினைந்து பேராவது வேண்டும். அதிலும் பிட்ச்சர், கேட்ச்சர் இரண்டு இடத்துக்கும் எப்போதும் தட்டுப்பாடு. இடுப்புக்குக் கீழிருந்து கையை முழு வட்டமாகச் சுழற்றி, 13.11 மீட்டர் தூரத்துக்குப் பந்தைக் குறி தவறாமல் அனுப்பும் பெண் பிள்ளை எளிதில் கிடைப்பதில்லை. அந்தப் பந்தை ஏழு இன்னிங்ஸும் குத்தவைத்துப் பிடிக்கத் துணிகிறவள் அதைவிட அரிது. மகள் இந்த இரண்டில் ஒன்றை ஆடுபவள் என்றால், பதிவுப் படிவத்திலேயே அதைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

பாதகமும் இங்கேதான் இருக்கிறது. சாஃப்ட்பால் அணி வைத்திருக்கும் கல்லூரிகள் குறைவு. போன ஆண்டு அணி இருந்தது, இந்த ஆண்டு இல்லை என்பதும் நடக்கும். எனவே கிளம்பும் முன் உடற்கல்வித் துறைக்கு ஒரு போன் போட்டு, “இந்த வருஷம் மகளிர் சாஃப்ட்பாலுக்கு ஆள் எடுக்கிறீங்களா, எந்தப் பொசிஷனுக்கு?” என்று கேட்டுவிடுவது இரண்டு நாள் கூலியை மிச்சப்படுத்தும்.

மைதானத்தில் அந்த மூன்று மணி நேரம்

வாசலில் ஒரு மேஜை. பெயர், பிறந்த தேதி, பள்ளி, பொசிஷன் எழுதிக்கொண்டு, சட்டை முதுகில் குத்த ஓர் எண் தருவார்கள். சான்றிதழ்களின் நகலை வாங்கிக்கொள்வார்கள். ஒரிஜினலை யார் கேட்டாலும் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். கல்லூரியில் சேரும் முன்பே ஒரிஜினலைக் கொடுத்துவிட்டால், வேறு கல்லூரிக்கு மாற வாய்ப்பு வரும்போது கை கட்டிப்போடப்பட்டிருக்கும்.

வார்ம்-அப் முடிந்ததும் ஓட்டம். ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ் வரை 18.29 மீட்டர், அதாவது 60 அடி. கோச் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். இங்கே பள்ளி அணியில் பழகிய பிள்ளைகள் செய்கிற ஒரு தவறைப் பல கோச்சுகள் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்கள்: பேஸை நெருங்கும்போது வேகத்தைக் குறைப்பது. முதல் பேஸைத் தாண்டி ஓடலாம், அவுட் ஆக மாட்டோம் என்பது விதி. அதைப் பயன்படுத்தாமல் பேஸ் மேல் நிற்கப் பார்க்கிறவள், ஆட்டத்தை யாரிடமும் முறையாகக் கற்கவில்லை என்று கணக்கு.

அடுத்து எறிதல். தூரத்தைவிட எறியும் முறையைப் பார்ப்பார்கள். முன்கால் குறியை நோக்கிப் போகிறதா, முழங்கை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்பதுதான் பார்வை. முழங்கை தொங்கினால் தோள் வலி இன்றோ நாளையோ வரும், அந்த வைத்தியச் செலவு தங்கள் தலையில் விழும் என்று கல்லூரிக்குத் தெரியும். பிறகு தரையில் உருண்டு வரும் பந்தைத் தடுப்பது, உயரத்தில் வரும் பந்தைப் பிடிப்பது. இதற்குச் சொந்த க்ளவ் இருந்தால் எடுத்துப் போவது நல்லது. அரசுப் பள்ளிகளில் ஒரே செட்டை எல்லாரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள், அதில் இடக்கைப் பிள்ளைக்குப் பொருந்தும் க்ளவ் கிடைப்பது அபூர்வம். தப்பான கையில் மாட்டியே பழகிய பெண், ட்ரையல்ஸில் சரியான க்ளவ் கிடைத்ததும் தடுமாறுவாள். அதை முன்கூட்டியே கோச்சிடம் சொல்லிவிடலாம், கூச்சம் தேவையில்லை.

பேட்டிங் கடைசியில் வரும். பெற்றோர் கவனம் முழுக்க அதில்தான் இருக்கும். பந்து வேலியைத் தாண்டினால் கைதட்டுவார்கள். கோச் அதற்கெல்லாம் அசருவதில்லை. எந்தப் பந்தை அடிக்காமல் விட்டாள் என்பதையும் குறித்துக்கொள்வார். முடிவில் இரண்டு அணியாகப் பிரித்து ஒரு சிறு ஆட்டம் வைப்பார்கள். பெரும்பாலும் அங்கேதான் முடிவு எழுதப்படுகிறது. பந்து தன் பக்கம் வராதபோது அவள் என்ன செய்கிறாள்? மற்றவள் எறிவதற்குப் பின்னால் ஓடிப்போய் பேக்-அப் நிற்கிறாளா? ஒரு பந்தைத் தவறவிட்ட பிறகு தலையைத் தொங்கப் போடுகிறாளா, அடுத்த பந்துக்குக் கால் மாற்றி நிற்கிறாளா? மூன்று மணி நேரத்தில் ஒருத்தியின் திறமை முழுவதும் தெரிந்துவிடாது. ஆனால் அவளோடு மூன்று வருஷம் வேலை செய்ய முடியுமா என்பது கோச்சுக்குத் தெரிந்துவிடும்.

சில இடங்களில் சான்றிதழ்களை வைத்துப் பாதிப் பட்டியலை முன்பே தயாரித்துவிட்டு ட்ரையல்ஸ் நடத்துவதும் உண்டு. அதனால் பெயர் வராவிட்டால் ‘நமக்கு ஆட வரவில்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த ஆண்டு அந்த அணிக்கு மூன்றாம் பேஸ் ஆள் தேவைப்படாமல் இருந்திருக்கலாம். “எதில் குறை இருக்கு மிஸ்?” என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வரலாம். நல்ல கோச் பதில் சொல்வார்.

பிளாஸ்டிக் கவரில் இருக்கும் மூன்று வருஷம்

களத்தில் ஆடுவது ஒரு பாதி என்றால், ஃபைல் மறுபாதி. பள்ளி விளையாட்டில் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், அதற்கு மேல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி என்று படிகள் இருக்கின்றன. சங்கங்கள் நடத்தும் போட்டிகள் தனி வழி. ஒவ்வொரு படிக்கும் சான்றிதழின் மதிப்பு வேறு. பங்கேற்புச் சான்றிதழ் பத்து இருந்தாலும், தமிழ்நாடு அணிக்காக தேசியப் போட்டியில் ஆடிய ஒன்றுக்கு ஈடாகாது.

இந்தக் காகிதங்கள் ட்ரையல்ஸுக்கு மட்டும் உதவுவதில்லை. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. அதற்கு மைதானத்தில் ட்ரையல்ஸ் கிடையாது, சான்றிதழ்தான் தரவரிசையைத் தீர்மானிக்கும். அரசு கலை அறிவியல் கல்லூரிகளிலும் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு நடக்கும், விளையாட்டு வீரர்களுக்கு அதில் இடம் உண்டு. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. மகளைச் சென்னைக்கு அனுப்ப மனமில்லாத குடும்பம் இந்த வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பின்னாளில் வேலைக்கும் இதே ஃபைல்தான். தமிழ்நாடு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மத்திய அரசுப் பணிகளுக்கான விளையாட்டுப் பட்டியலில் சாஃப்ட்பாலும் ஒன்று. அதற்கு சர்வதேசம், தேசியம், பல்கலைக்கழகம், பள்ளி என ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிப் படிவத்தில் சான்று வேண்டும். போட்டி முடிந்த வாரமே பி.டி. ஆசிரியரிடம் சொல்லி வாங்கிவிட வேண்டும். மூன்று வருஷம் கழித்துப் போனால் கையெழுத்துப் போட வேண்டியவரே மாறியிருப்பார்.

மரக்காணத்தில் இன்னொரு விஷயம் உண்டு. புயல், வெள்ளம் வருகிற ஊர். சான்றிதழை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரணில் வைத்தால் மட்டும் போதாது. போனில் படம் எடுத்து, பள்ளியிலும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.

‘சீட்’ என்றால் எது எது?

“சீட் கன்ஃபார்ம்” என்ற சொல்லைக் கேட்டதும் மயங்கிவிடக் கூடாது. கல்விக் கட்டணம் மட்டும் இலவசமா, முழுவதுமா பாதியா? விடுதி? மூன்று வேளைச் சாப்பாடு? தேர்வுக் கட்டணம், புத்தகம், ஷூ, போட்டிக்குப் போய்வரும் செலவு? ஒவ்வொன்றும் தனிக் கேள்வி. தனியார் கல்லூரிகளில் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு ஒரு சலுகை, மாநில அளவில் ஆடியவருக்கு வேறு சலுகை என்று படிநிலை வைப்பது சகஜம்.

கேட்டே ஆக வேண்டிய கேள்விகள்:

• சலுகை மூன்று வருஷத்துக்குமா, ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டுமா? எதை வைத்துப் புதுப்பிப்பார்கள்?

• முழங்கால், தோளில் அடிபட்டு ஆட முடியாமல் போனால் சலுகை நிற்குமா? வைத்தியச் செலவு யாருடையது?

• போட்டி நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி வருகைப் பதிவு) கிடைக்குமா? தேர்வும் போட்டியும் ஒரே நாளில் வந்தால் என்ன ஏற்பாடு?

• அரியர் விழுந்தால் அணியில் இருக்கலாமா?

• விரும்பிய பாடம் கிடைக்குமா, காலியாக இருக்கும் பாடத்தில்தான் சேர்ப்பார்களா?

• இடையில் விலகினால் டி.சி. தருவார்களா, அதுவரை தந்த சலுகையைத் திரும்பக் கேட்பார்களா?

• மகளிர் விடுதியிலிருந்து மைதானத்துக்கு எவ்வளவு தூரம்? விடியற்காலைப் பயிற்சிக்கு யார் உடன் வருவார்கள்?

இதற்கெல்லாம் வாய்ப்பேச்சில் பதில் வாங்கினால் போதாது. கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். தயங்குகிற கல்லூரியிடம், “அப்பா படிக்காதவர் சார், வீட்டில் காட்டணும்” என்று மகளே கேட்கலாம். முடிந்தால் அந்த அணியில் இப்போது ஆடிக்கொண்டிருக்கும் சீனியர் ஒருத்தியைத் தனியாகப் பிடித்துப் பேசுங்கள். கோச் சொல்லாத பாதியை அவள் சொல்வாள்.

பணம் எந்தப் பக்கம் போகிறது?

சாஃப்ட்பால் பிறந்த அமெரிக்காவில் கதை வேறு. அங்கே கல்லூரிகளே விடுமுறையில் முகாம் நடத்தும், கலந்துகொள்கிற பிள்ளைதான் கட்டணம் கட்ட வேண்டும். அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் இதற்காகக் காரில் பல நூறு மைல் போய்வருகின்றன. முகாமை யாருக்கும் மூடி வைக்கக் கூடாது, வயது, வகுப்பு, எண்ணிக்கை வரம்புக்குள் எவர் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்பது கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் விதி. எனவே ‘உங்களை அழைக்கிறோம்’ என்று வரும் கடிதம் பலருக்கும் போகிற கடிதமாகவே இருக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடமே கல்லூரிகள் வாய்மொழி வாக்கு வாங்கத் தொடங்கியதால், 2018-ல் விதியை இறுக்கினார்கள்: பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன் சாஃப்ட்பால் கோச் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது. அங்கேயும் முகாமில் பணம் கட்டியவர் பலர், ஸ்காலர்ஷிப் கிடைத்தவர் சிலர்.

நம் ஊரில் கல்லூரி நடத்தும் ட்ரையல்ஸுக்குப் பணம் கட்டும் வழக்கம் பொதுவாக இல்லை. ஆகவே இங்கே யாராவது “செலக்‌ஷன் கேம்ப், இத்தனை ஆயிரம், சீட் கேரண்டி” என்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும். பயிற்சி முகாமுக்குக் கட்டணம் வாங்குவது தவறில்லை. பயிற்சி கற்றுக்கொள்ளப் போவது வேறு, சீட் வாங்கப் போவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்பவரிடம் கல்லூரியின் பெயரைக் கேட்டு, அந்தக் கல்லூரி அலுவலகத்துக்கே போன் செய்து விசாரியுங்கள். சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் இன்னும் கவனம் தேவை. கலந்தாய்வில் சான்றிதழ்களைச் சரிபார்ப்பார்கள், போலி என்றால் மாட்டிக்கொள்வது பிள்ளைதான்.

பிள்ளையின் பாதுகாப்பு பற்றியும் பெற்றோர் கூச்சமில்லாமல் பேச வேண்டும். 2021-ல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோ சட்டத்தில் கைதானதும், 2023-ல் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் புகாரோடு தில்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்ததும் மறக்கக்கூடியவை அல்ல. ட்ரையல்ஸில் பெண் ஆசிரியர் ஒருவர் இருக்கிறாரா, உடல் அளவு எடுப்பது யார், எங்கே என்று பாருங்கள். ‘தனியாக வா, ஸ்பெஷல் டெஸ்ட்’ என்ற அழைப்பு எதற்கும் சம்மதிக்க வேண்டாம். கல்லூரியில் உள் புகார்க் குழு இருப்பது சட்டப்படி கட்டாயம். அதில் யார் இருக்கிறார்கள் என்று சேர்க்கையின்போதே கேட்கலாம்.

தேடி வந்த கோச்சுகள்

இதுவரை சொன்னதெல்லாம் பிள்ளை கல்லூரியைத் தேடிப் போகிற வழி. தமிழ்நாட்டின் நல்ல கதைகள் சில, எதிர்த்திசையில் நடந்தவை. மதுரை சக்கிமங்கலத்தில் பாட்டியின் கூலியில் வளர்ந்த ரேவதி வீரமணி, பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடினார். அதைப் பார்த்த பயிற்சியாளர் கண்ணன், தயங்கிய பாட்டியிடம் பேசிச் சம்மதம் வாங்கினார், லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழி செய்தார். 2021-ல் ரேவதி டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். மரக்காணத்துக்குத் தெற்கே இதே கடற்கரையில், சுனாமி தாக்கிய கடலூரில், பயிற்சியாளர் மாரியப்பன் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். அந்த ஊரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடினார், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனார்.

இரண்டு கதையிலும் பிள்ளை இருக்கும் இடத்திலேயே ஒரு பயிற்சியாளர் அவளைக் கண்டுகொண்டார். திறமையைக் கண்டுகொண்டது பாதி வேலை, குடும்பத்தின் பயத்தைப் போக்கியது மீதி வேலை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் இதே நோக்கத்தில் உருவானவைதான். 7, 8, 9, 11-ம் வகுப்புகளில் சேர மாவட்ட அளவில் தேர்வு நடக்கிறது. கல்லூரி மாணவர்களுக்குச் சிறப்புநிலை விடுதிகளும் உண்டு. எல்லா விளையாட்டுக்கும் எல்லா விடுதியிலும் இடம் இருக்காது. விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் பட்டியலில் உங்கள் விளையாட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்பவும் வருகிறது. 2008-லும் டோக்கியோவிலும் தங்கம் வென்றது ஜப்பான், ஆசிய நாடு. நமக்கு அந்தத் தூரம் இன்னும் நீண்டது. ஆனால் மரக்காணத்துப் பெண்ணுக்கு இந்த விளையாட்டு இப்போதே தரக்கூடியது ஒரு பட்டம், அதன் பின்னால் ஒரு வேலை. அதற்குக் கல்லூரிகள் செய்ய வேண்டியது அதிகமில்லை. சென்னையில் நடக்கும் ட்ரையல்ஸில் ஒன்றைத் திண்டிவனத்தில் நடத்தலாம், கல்லூரி வேனில் வருகிற இரண்டு கோச்சுகளுக்கு அது ஒரு காலைப் பொழுது. அதையும் வார நாளில் வைக்காமல், அளத்துக்கு விடுமுறை கிடைக்கிற நாளாகப் பார்த்து வைக்கலாம். அறிவிப்பிலேயே எந்தப் பொசிஷனுக்கு எத்தனை பேர், கட்டணத்தில் எது எது தள்ளுபடி என்று அச்சிட்டுவிட்டால், பாதிக் கேள்விகளுக்கு வீட்டிலேயே பதில் கிடைத்துவிடும். அதுவரை, கேட்கிற பொறுப்பு நம்முடையது. கேள்வி கேட்டதற்காக சீட்டை மறுக்கும் கல்லூரி, அடிபட்ட அன்று மகளைக் கைவிடவும் தயங்காது. அந்த சீட் கைநழுவினால் வருத்தப்பட எதுவுமில்லை.